வேர்ட்பிரஸ் தளத்தை அப்டேட் செய்யலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, பள்ளிக்கூடம், சங்கம், சிற்றிதழ் என்று ஏதோ ஒன்றுக்காக வேர்ட்பிரஸ் தளம் நடத்திக்கொண்டு, தனியாக ஐடி ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாமல் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்களுக்கான பக்கம் இது. உள்ளே நுழைந்ததும் 'அப்டேட்ஸ்' பக்கத்தில் ஒரு எண் நிற்கும். போன மாதம் 3 இருந்தது, இப்போது 14. அழுத்தினால் தளம் படுத்துவிடுமோ என்று பயம். அழுத்தாவிட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்களோ என்றும் பயம். இரண்டுமே நியாயமான பயம்தான். எந்த நேரத்தில் எது பெரியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

தளம் நன்றாகத்தானே ஓடுகிறது. ஓடுவதை எதற்குத் தொட வேண்டும்?

உங்கள் தளத்தில் எதுவும் மாறவில்லை என்பது உண்மை. வெளியே மாறியிருக்கிறது. ஓர் ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வெளியிட்டால், பழைய பதிப்பில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் கூடவே வெளியாகிவிடுகிறது. வேர்ட்பிரஸும், அதைப்போலவே தளம் நடத்த உதவும் துருபலும் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது அவற்றின் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரியை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த வரியிலிருந்து உள்ளே போகும் வழியைக் கண்டுபிடிக்க, தொழில் தெரிந்தவர்களுக்குச் சில மணி நேரம் போதும். அதனால் அப்டேட் வருவதற்கு முன்னால் இருந்த ஆபத்தைவிட, வந்தபிறகும் போடாமல் வைத்திருக்கும் ஆபத்து பல மடங்கு பெரியது.

துருபலில் இது நடந்தே இருக்கிறது. 2014 அக்டோபர் 15 அன்று, டேட்டாபேஸுக்குள் யாரும் கட்டளை நுழைக்க முடிகிற மோசமான ஓட்டையை அடைத்து 7.32 பதிப்பு வந்தது. இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29 அன்று, துருபலின் பாதுகாப்புக் குழுவே ஓர் அறிவிப்பு வெளியிட்டது: அக்டோபர் 15 அன்று திருத்தம் வந்து 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத எல்லா துருபல் 7 தளங்களும் கைப்பற்றப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று. இந்திய நேரப்படி கணக்குப் போட்டால், அன்று இரவு 9.30-க்குத் திருத்தம், கெடு விடியற்காலை 4.30. இங்கே தளம் வைத்திருந்தவர்கள் தூங்கி எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் தளம் சின்னது. இதை ஹேக் செய்து யாருக்கு என்ன லாபம்?

யாரும் உங்களைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. நிரல்கள் இணையம் முழுக்க ஒவ்வொரு தளமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகின்றன. இந்தப் பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்) இருக்கிறதா, இந்தப் பதிப்புக்கு முந்தையதா, அவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்றால் நுழைந்துவிடும்.

லாபமும் இருக்கிறது. உங்கள் டொமைனுக்குக் கூகுளில் பல வருடமாகச் சேர்ந்த மதிப்பு அவர்களுக்குத் தேவை. பள்ளிக்கூடத் தளத்துக்கு அடியில் சூதாட்டப் பக்கங்களும் போலி மருந்துப் பக்கங்களும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். உங்கள் சர்வரிலிருந்து குப்பை மெயில் போகும். அப்புறம் நீங்கள் அனுப்பும் உண்மையான மெயிலும் எல்லோருடைய ஸ்பேம் பெட்டிக்கும் போகும். இதில் மிகவும் கெட்ட வகை, கூகுள் தேடலிலிருந்து மொபைலில் வருகிறவர்களை மட்டும் வேறு எங்கோ திருப்பிவிடுவது. நீங்கள் முகவரியை நேரடியாகத் தட்டிப் பார்ப்பீர்கள், சரியாகத் திறக்கும். வாசகர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மாதம் ஒருமுறையாவது உங்கள் தளத்தின் பெயரைக் கூகுளில் தேடி, மொபைலில், லாகின் செய்யாமல், முடிவுகள் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள். கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து வைத்திருந்தால் பெரும்பாலும் அவர்களே எச்சரிப்பார்கள். இலவசம்தான்.

அப்டேட் செய்து தளம் உடைந்துபோன கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறோமே?

அவை பொய்யில்லை. 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5, பழைய ஜாவாஸ்கிரிப்ட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த 'ஜேக்வெரி மைக்ரேட்' என்ற துணைக் கோப்பை எடுத்துவிட்டது. பழைய தீம்களிலும் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகள்) பிளகின்களிலும் மெனு திறக்கவில்லை, ஸ்லைடர் நகரவில்லை, பட்டன்கள் வேலை செய்யவில்லை. அதைச் சமாளிக்க வேர்ட்பிரஸ் தரப்பிலேயே ஒரு தனிப் பிளகின் வெளியிட வேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் 5.0 வந்தபோது எழுதும் திரையே அடியோடு மாறியது. பழைய எடிட்டரையே விரும்பியவர்களுக்கு 'கிளாசிக் எடிட்டர்' பிளகின் வந்தது; அதை இன்னும் லட்சக்கணக்கான தளங்கள் வைத்திருக்கின்றன.

ஆனால் எவை உடைந்தன என்று கவனியுங்கள். பல வருடம் கைபடாமல் கிடந்த தீம், எழுதியவர் கைவிட்டுவிட்ட பிளகின், தீம் கோப்புக்குள்ளேயே நேரடியாகச் செய்த திருத்தங்கள். கடைசியாகச் சொன்னது நம் ஊரில் மிகச் சாதாரணம். தளம் செய்து கொடுத்தவர் சைல்ட் தீம் (திருத்தங்களை மட்டும் தனியாக வைக்கும் துணை தீம்) போடாமல் மூல தீமிலேயே கை வைத்திருப்பார். தீமை அப்டேட் செய்தவுடன் அவர் செய்தது அத்தனையும் அழிந்துபோகும். அப்டேட் மேல் பழி போடுகிறோம். தளத்தைக் கட்டிய விதத்தில்தான் கோளாறு. தளம் செய்து வாங்கும்போதே "சைல்ட் தீம் போட்டீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: 5.2 பதிப்பிலிருந்து, அதாவது 2019 மே முதல், ஒரு பிளகினோ தீமோ தளத்தைச் சாய்த்தால் நிர்வாகியின் மெயிலுக்கு ஒரு சிறப்பு இணைப்பு வரும். அதன் வழியாக உள்ளே போய்க் கோளாறான பிளகினை நிறுத்திவிடலாம். அந்த மெயில் முகவரி இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பழைய டெவலப்பரின் முகவரியே கிடக்கும் தளங்கள் ஏராளம்.

எல்லா அப்டேட்டும் ஒரே மாதிரிதானா?

இல்லை. வேர்ட்பிரஸில் 6.7 என்பது பெரிய வெளியீடு, 6.7.1 என்பது அதற்கான சின்னத் திருத்தம். மூன்றாவது எண் மட்டும் மாறினால் பிழைத் திருத்தமோ பாதுகாப்புத் திருத்தமோதான், தயங்காமல் போடலாம். முதல் இரண்டு எண்களில் மாற்றம் வந்தால் புதிய வசதிகள் வருகின்றன என்று அர்த்தம். 5.9-லிருந்து 6.0 போவது ஏதோ பெரிய தாவல் என்று நினைக்க வேண்டாம், 5.8-லிருந்து 5.9 போனது போலத்தான்.

பிளகின்களில் இந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி எண் போடுகிறார்கள். அதனால் 'விவரங்களைப் பார்' இணைப்பை அழுத்தி மாற்றப் பட்டியலைப் படிக்க வேண்டும். அதில் 'செக்யூரிட்டி' என்ற சொல் கண்ணில் பட்டால் அன்றே போடுங்கள்.

புதிய பதிப்பிலேயே ஓட்டை இருந்தால்?

இருக்கலாம். 2017-ல் ஒன்று வெளிப்பட்டது: வேர்ட்பிரஸ் 4.7-ல் புதிதாக வந்த ரெஸ்ட் ஏபிஐ (வேறு நிரல்கள் தளத்தோடு பேசும் வாசல்) வழியாக, லாகின் செய்யாமலே யார் வேண்டுமானாலும் பதிவுகளைத் திருத்த முடிந்தது. பாதிக்கப்பட்டவை 4.7, 4.7.1 இரண்டு மட்டுமே. 4.6-லேயே நின்றவர்கள் தப்பினார்கள். "பார்த்தீர்களா, அப்டேட் செய்யாமல் இருந்ததே நல்லது" என்று இதைக் காட்டிச் சொல்கிறவர்கள் உண்டு.

மிச்சக் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜனவரி 26 அன்று 4.7.2 வந்தது. ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், தானியங்கி அப்டேட் எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருந்து, பிப்ரவரி 1 அன்றுதான் விவரத்தை வெளியிட்டார்கள். தானியங்கியை அணைக்காமல் வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் நடக்கவில்லை. அணைத்து வைத்திருந்தவர்களின் லட்சக்கணக்கான பக்கங்கள் அடுத்த சில நாட்களில் சிதைக்கப்பட்டன. பாதி வழியில் நின்றவர்கள்தான் அடி வாங்கினார்கள்.

அப்டேட்டே விஷமாக வந்ததும் உண்டு. 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்ற பிளகினை ஏறக்குறைய 2 லட்சம் தளங்கள் பயன்படுத்தின. மூல ஆசிரியர் அதை விற்றுவிட்டார். வாங்கியவர் 2017-ல் வெளியிட்ட அப்டேட்டில், தளத்துக்குள் விளம்பரக் குப்பையைச் சொருகும் நிரலைச் சேர்த்துவிட்டார். லாகின் செய்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியாதபடியும் பார்த்துக்கொண்டார். கடைசியில் வேர்ட்பிரஸ் கிடங்கிலிருந்து அந்தப் பிளகினையே நீக்கினார்கள். இதற்கு அப்டேட்டை நிறுத்துவது பரிகாரம் ஆகாது. பிளகின்களைக் குறைப்பதுதான் பரிகாரம். ஒவ்வொரு பிளகினும் உங்கள் தளத்தில் எதையும் செய்யும் உரிமையை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறது. பத்து வரி நிரலில் முடிகிற வேலைக்கு ஒரு பிளகின் போடாதீர்கள்.

என் நடைமுறை இது: பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றே. புதிய வசதிகளுடன் பெரிய வெளியீடு என்றால் முதல் சின்னத் திருத்தம் வரும்வரை ஒன்றிரண்டு வாரம் பொறுப்பேன். அந்த இடைவெளியில் பழைய பதிப்பிலேயே இருப்பதால் பொதுவாகக் கெடுதல் இல்லை.

தானியங்கி அப்டேட்டை இயக்கி வைக்கலாமா?

சின்னத் திருத்தங்களுக்குக் கட்டாயம். 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது, சொல்லாமலே ஓடும். சில டெவலப்பர்கள் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இதை அணைத்துவிட்டு, பிறகு பார்ப்பதே இல்லை. 'தள நலம்' பக்கத்தைத் திறந்தால் அணைத்திருக்கிறதா என்று தெரியும்.

பிளகின்களுக்கும் தீம்களுக்கும் 5.5 முதல் தனித்தனியாக இயக்கும் வசதி வந்திருக்கிறது. எழுத்தும் படமும் மட்டும் உள்ள தளம் என்றால் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள் என்பேன். ஏதோ ஒரு நாள் ஒரு பக்கம் கோணலாகத் தெரிவது, ஆறு மாதம் திறந்து கிடப்பதைவிட எவ்வளவோ மேல். பணம் வாங்கும் தளம் வேறு. வூகாமர்ஸ் (கடை நடத்தும் பிளகின்), பேமென்ட் கேட்வே (பணம் வாங்கும் பிளகின்) இரண்டையும் கையால், ஆர்டர் குறைவாக வரும் நேரத்தில், ஸ்டேஜிங் நகலில் (சோதனைக்கான தனிப் பிரதி) சோதித்துவிட்டுப் போடுங்கள்.

தானியங்கியும் சறுக்கியிருக்கிறது. 2020 அக்டோபர் 30 அன்று, இன்னும் முடியாத 5.5.3 ஆல்பா பதிப்பு சில தளங்களுக்குத் தவறுதலாகப் போய்விட்டது. அன்றே சரிசெய்தார்கள். நன்மை தீமை இரண்டையும் எடை போட்டால் இன்னமும் நான் இயக்கி வைக்கும் பக்கம்தான்.

ஆள் நடமாட்டம் குறைந்த தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வேர்ட்பிரஸ் தன் பின்னணி வேலைகளை யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் ஓட்டும். இரண்டு நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அப்டேட்டும் அதுவரை காத்திருக்கும். ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளை) அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நான் எதுவும் செய்யவில்லை, பிளகின் தானே அப்டேட் ஆகியிருக்கிறதே?

ஆபத்து மிகப் பெரியதாக இருந்தால் வேர்ட்பிரஸ் குழுவே கட்டாயமாக அனுப்பும். 2022 பிப்ரவரியில் 'அப்டிராஃப்ட் பிளஸ்' என்ற பேக்கப் பிளகினுக்கு அப்படி நடந்தது. 30 லட்சம் தளங்களில் இருந்த பிளகின் அது. சாதாரணச் சந்தாதாரராக லாகின் செய்தவர்கூட முழு பேக்கப்பையும் இறக்கிக்கொள்ள முடிந்தது. 2024 நவம்பரில் 'ரியலி சிம்பிள் செக்யூரிட்டி'க்கும் அதே கட்டாயம் வந்தது. இரண்டு அடுக்கு லாகினைப் பலப்படுத்த வந்த வசதியிலேயே லாகினைத் தாண்டிப் போகும் வழி திறந்திருந்தது. பாதுகாப்புப் பிளகின் போட்டுவிட்டோம், இனி அப்டேட் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஹோஸ்டிங்காரர் எடுப்பது போதாதா?

போதாது. அவர் எடுக்கிறாரா, எத்தனை நாள் வைத்திருக்கிறார், கேட்டால் தருவாரா என்பது பிரச்சினை வரும் அன்றுதான் தெரியவரும். உங்கள் கையில் ஒரு பிரதி வேண்டும். டேட்டாபேஸ், படங்கள் இருக்கும் 'அப்லோட்ஸ்' ஃபோல்டர், தீம், கான்ஃபிக் கோப்பு. இவற்றை அதே சர்வரில் வைத்தால் பேக்கப் ஆகாது. கூகுள் டிரைவிலோ வீட்டுக் கணினியிலோ இருக்க வேண்டும்.

எடுத்த பேக்கப்பை ஒருமுறையாவது வேறு இடத்தில் ஏற்றிப் பாருங்கள். தமிழில் எழுதும் தளங்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் 3 பைட் இடம் பிடிக்கும். மிகப் பழைய தளங்களில் டேட்டாபேஸ் லத்தீன் என்று குறிக்கப்பட்டு, உள்ளே தமிழ் கிடக்கும். தளம் ஓடும்வரை சரியாகத் தெரியும். பேக்கப் எடுத்து வேறு இடத்தில் ஏற்றியவுடன் கட்டுரை முழுக்க மேலே கோடு போட்ட லத்தீன் எழுத்துக் குப்பையாக நிற்கும். அப்படிக் குப்பையாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், உள்ளே பைட்டுகள் அப்படியே இருக்கின்றன. வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால் அந்தப் பிரதியில் எழுத்து போய்விட்டது. பத்து வருடக் கட்டுரைகள் உள்ள ஓர் இதழுக்கு இந்த வித்தியாசம் உயிர். அதை அப்டேட்டுக்கு முன்பே, மூலத் தளம் நல்லபடியாக நிற்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த வரிசையில் செய்வது?

பேக்கப், பிறகு பிளகின்கள், பிறகு தீம், கடைசியில் வேர்ட்பிரஸ். புதிய வேர்ட்பிரஸுக்கு ஏற்ற மாற்றங்களைப் பிளகின் ஆசிரியர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே வெளியிட்டுவிடுவதால் இந்த வரிசை. எல்லாவற்றையும் ஒரே டிக்கில் தேர்ந்தெடுத்து அழுத்த வேண்டாம். எதனால் உடைந்தது என்று தெரியாமல் போகும். முடிந்ததும் கேஷை (சேமித்து வைத்த பழைய பக்கப் பிரதிகளை) அழித்துவிட்டு, முகப்பு, ஒரு பழைய கட்டுரை, தொடர்புப் படிவம், தேடல் ஆகியவற்றை மொபைலிலும் பாருங்கள். படிவத்தை நிரப்பி அனுப்பி, மெயில் வருகிறதா என்றும் பாருங்கள்.

பிஎச்பி பழையது என்று எச்சரிக்கை வருகிறது. அது வேறு விஷயமா?

வேர்ட்பிரஸ் ஓடுவதே பிஎச்பி என்ற நிரல்மொழி மேல்தான். அதற்கும் ஆயுள் உண்டு. 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றன, 8.0-க்கு 2023 நவம்பரோடு. 2024 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 6.6, 7.2-க்குக் கீழே உள்ள பிஎச்பியை ஏற்பதில்லை. முதலில் பிளகின்களையும் தீமையும் புதுப்பித்துவிட்டு, பிறகு சிபேனலில் பிஎச்பி எண்ணை மாற்றுங்கள். உடைந்தால் அதே இடத்தில் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடலாம், உடனே பழையபடி ஆகிவிடும். எல்லோரும் மிகவும் பயப்படும் மாற்றம் இது. எளிதாகத் திருப்பக்கூடியதும் இதுதான்.

பயன்படுத்தாத பிளகின்களை டீஆக்டிவேட் செய்து வைத்திருக்கிறேன். அவற்றையும் அப்டேட் செய்ய வேண்டுமா?

அழித்துவிடுங்கள். டீஆக்டிவேட் செய்தாலும் கோப்புகள் சர்வரில்தான் இருக்கும், சிலவற்றை வெளியிலிருந்து நேரடியாகவே அழைக்க முடியும்.

காசு கொடுத்து வாங்கிய தீமில் அப்டேட் எண்ணே காட்டுவதில்லையே?

அதுதான் சிக்கல். பல விலை தீம்களுக்குள் வேறு பிளகின்களைப் பொதிந்து கொடுப்பார்கள். அவற்றுக்கு அப்டேட் வந்தால் தீம் ஆசிரியர் தன் புதிய பதிப்பில் சேர்த்துத் தந்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும். 'ரெவல்யூஷன் ஸ்லைடர்' கதை இதுதான். 2014-ல் அதில் ஓட்டை வெளிப்பட்டது. தங்கள் தீமுக்குள் அந்த ஸ்லைடர் இருப்பதே தெரியாதவர்கள் பலர். டிசம்பரில் 'சோக்சோக்' என்று பெயர் பெற்ற தாக்குதல் வந்தபோது 11,000-க்கும் மேற்பட்ட டொமைன்களைக் கூகுள் தடைப்பட்டியலில் போட்டது. தீம் வாங்கியவுடன் உள்ளே என்னென்ன பிளகின்கள் வருகின்றன என்று எழுதி வையுங்கள். உரிமம் முடியும் தேதியையும் எழுதுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் திருட்டு விலை தீம்களைத் தொடவே கூடாது. அவற்றில் பின்கதவு வைத்துத்தான் தருகிறார்கள். இல்லையென்றால் தருவதால் அவர்களுக்கு ஆதாயமில்லை.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

தானியங்கி ஓடுகிறது என்றால் வாரம் ஒருமுறை, பத்து நிமிடம். அதைவிட முக்கியம், உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்களைப் பறிகொடுத்தது இப்படித்தான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளுக்கான திருத்தம் 2017 மார்ச் 7 அன்றே வந்துவிட்டது. போடச் சொல்லி நிறுவனத்துக்குள் அறிவிப்பும் போனது. ஆனால் புகார் பிரிவின் ஓர் இணைய வாசல் பழைய ஸ்ட்ரட்ஸிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம் அது வழியாகத் திருடர்கள் புகுந்தார்கள். உங்கள் ஹோஸ்டிங்கிலும் அப்படி ஒன்று இருக்கலாம். 'டெஸ்ட்', 'ஓல்டு', 'நியூ' என்று பெயர் வைத்த ஃபோல்டர்களில் பழைய வேர்ட்பிரஸ் நகல்கள் மறந்து கிடக்கும். அவை வழியாகப் புகுந்தால் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் உங்கள் நல்ல தளத்துக்கும் எளிதாக வந்துவிடலாம்.

ஏற்கெனவே ஹேக் ஆகிவிட்டது. அப்டேட் செய்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. நுழைந்தவர் தனக்கென்று ஒரு புதிய நிர்வாகிக் கணக்கோ, அப்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு பிஎச்பி கோப்போ விட்டுச் சென்றிருப்பார். வேர்ட்பிரஸ், தீம், பிளகின் எல்லாவற்றையும் மூலத்திலிருந்து புதிதாக இறக்கிப் போட்டு, டேட்டாபேஸையும் படங்களையும் மட்டும் சோதித்து எடுத்துக்கொண்டு, எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஹோஸ்டிங் பாஸ்வேர்டு உட்பட.

பல வருடம் அப்படியே விட்டுவிட்டோம். பழைய பதிப்புக்கும் திருத்தம் வருமல்லவா?

அதிகாரபூர்வமாகக் கடைசிப் பதிப்புக்கு மட்டுமே ஆதரவு. பழையவற்றுக்கு வருவது நல்லெண்ணத்தில் செய்வது, 3.7 முதல் 4.0 வரை உள்ளவற்றுக்கு 2022 டிசம்பரிலும், 4.1 முதல் 4.6 வரை உள்ளவற்றுக்கு 2025-லும் நிறுத்திவிட்டார்கள். இந்த நிலையில் இருக்கும் தளத்தை நேரடியாக அழுத்திப் பார்க்காதீர்கள். முதலில் ஹேக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாக இருந்தால் ஒரு நகல் எடுத்து அதில் சோதியுங்கள். பெரும்பாலும் கட்டுரைகள் பத்திரமாக வந்துவிடும், தீம் வராது. புதிய தீமுக்கு மாறுவதுதான் பழையதைச் சீர்செய்வதைவிடச் செலவு குறைவு.

அப்டேட் செய்ய எங்களிடம் ஆளே இல்லை. என்ன செய்வது?

அப்படியானால் அப்டேட் தேவைப்படாத தளமாக மாற்றுங்கள். முடிந்துபோன மாநாடு, நின்றுபோன இதழ், ஒரு நினைவு மலர், இவற்றுக்கெல்லாம் வேர்ட்பிரஸ் எதற்கு? எல்லாப் பக்கங்களையும் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக எடுத்துப் போட்டுவிடலாம். அதற்கென்றே 'சிம்ப்ளி ஸ்டாட்டிக்' போன்ற பிளகின்கள் உண்டு. பிஎச்பியும் டேட்டாபேஸும் போய்விட்டால் வேர்ட்பிரஸ் ஓட்டைகளுக்கு அங்கே வேலையே இல்லை. கருத்துப் பெட்டியும் படிவமும் தேடலும் போகும். முடிந்த இதழுக்கு அவை பெரிய இழப்பில்லை, தேடலைத் தவிர. எழுத்துக்கள் இருபது வருடம் கழித்தும் படிக்கக் கிடைப்பது அதைவிடப் பெரிது.

இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் நிர்வாகம் முடியாது என்றால் பிளாக்கர், வேர்ட்பிரஸ்.காம் போன்ற இடங்களுக்குப் போய்விடுங்கள். மென்பொருளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சில வசதிகளை இழப்பீர்கள், சொந்த டொமைனை வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் டொமைன் புதுப்பிக்கும் தேதியை இரண்டு பேர் குறித்து வைத்திருக்க வேண்டும். காலாவதியான டொமைன்களை வாங்குவதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். தளம் ஒரு நாளும் ஹேக் ஆகாமல் இருந்தும், டொமைன் கைமாறி, இலக்கிய இதழின் முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடும் நிலை வரலாம்.